உப்பு நீருக்கு எந்த நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்? காசிமேடு முதல் எண்ணூர் வரை படகு ஓட்டுபவர்களுக்காக ஒரு மதிப்பீடு

காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள், படகின் பின்பலகையில் மாட்டும் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு சீக்கிரமே யமஹாவா சுசுகியா என்ற இடத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. என் கணக்கில் அந்தக் கேள்விக்கு இரண்டாம் இடம்தான். கரைக்கு வந்த பிறகு அந்த எஞ்சினை நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவுவது எவ்வளவு சுலபம், கழுவும் வாய் எங்கே இருக்கிறது, உப்பு தின்னும் பாகங்களை ஒரு சாதாரண ஸ்பேனர் பெட்டியோடு கழற்றிப் பார்க்க முடியுமா என்பவற்றையே முதலில் கேட்க வேண்டும். குடும்பப் படகில் சுசுகியின் 9.9 குதிரைத்திறன் எஞ்சினை நான் ஓட்டி வருகிறேன். பக்கத்துப் படகில் என் மைத்துனர் யமஹாவின் 9.9 வைத்திருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துக் கழற்றியும் கழுவியும் பார்த்ததிலிருந்து எழுதுகிறேன்.

நான்கு ஸ்ட்ரோக் என்பது அவுட்போர்டு உலகில் நேற்று வந்தது அல்ல. ஹோண்டா நிறுவனம் 1964ஆம் ஆண்டிலேயே ஜிபி30 என்ற நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் நம் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக்கும், நீண்ட தண்டு கொண்ட டீசல் எஞ்சினுமே பழக்கத்தில் வேரூன்றியவை. அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. இரண்டு ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது, எண்ணெய்த் தொட்டி கிடையாது. கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை எரிகிறது. நடுக்கடலில் நின்றுபோனால் பிளக்கைத் துடைத்துப் போட்டு மறுபடியும் இழுக்கலாம். குறை என்னவென்றால், கார்புரேட்டர் வைத்த பழைய வகை இரண்டு ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே புகையோடும் நீரோடும் வெளியேறிவிடும். நான்கு ஸ்ட்ரோக்கில் இந்த இழப்பு இல்லை. எண்ணெயைப் பெட்ரோலில் கலக்கும் வேலையும் இல்லை. வலை இறக்கும்போது மெதுவாக ஓட்டினால் படகிலிருப்பவர்கள் ஒருவரோடொருவர் சாதாரணக் குரலில் பேசிக்கொள்ள முடிகிறது. 9.9 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் ஒன்று முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 3 முதல் 4 லிட்டர் குடிக்கும். பாதி வேகத்துக்கு வந்தால் செலவு பாதியைவிடவும் நன்றாகக் குறையும்.

இனி உப்பு. கடல் நீரில் லிட்டருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. காருக்கு இருப்பது போல அவுட்போர்டுக்கு ரேடியேட்டர் இல்லை; எஞ்சினின் காலுக்குள், அதாவது நீரில் இறங்கும் கீழ்ப்பகுதிக்குள், சுழலும் இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சக்கரம் கடல் நீரையே உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகிய வழிகளில் தள்ளி, சூடேறினால் திறக்கும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு வழியாக வெளியே விடுகிறது. கார் எஞ்சினின் தெர்மோஸ்டாட் 80, 90 டிகிரி அளவில் திறக்கும். அவுட்போர்டில் பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரிக்குள்ளாகவே திறக்கும்படி வைத்திருப்பதற்குக் காரணம், அதற்கு மேல் சூடேறினால் கடல் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து உலோகச் சுவரில் கெட்டியாகப் படியத் தொடங்கும் என்பதே. எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால், உள்ளே தங்கிய நீர் எஞ்சினின் சூட்டிலேயே ஆவியாகி, உப்பு மட்டும் அங்கே நின்றுவிடும். மறுநாள் வரும் கடல் நீர் அதில் ஒரு பகுதியைத்தான் கரைத்துக்கொண்டு போகும்.

கழுவாமல் ஒரு பருவம் ஓட்டிய எஞ்சின் ஒன்றின் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றியபோது அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். போல்ட்டின் தலை வெளியே பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் அது திரும்ப மறுத்தது. தட்டித் தட்டிச் சூடு காட்டிய பின் வெளியே வந்த போல்ட்டின் மரையெல்லாம் வெள்ளை மாவு அப்பியிருந்தது. அலுமினியம் அரித்து வரும் மாவு அது. மூடிக்குள் தெர்மோஸ்டாட்டின் பித்தளை விளிம்பு பச்சை படிந்து, அதன் வால்வு முழுதாக மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் இடையில் நின்றிருந்தது. நீர் வழியின் வாய் சாம்பல் நிறப் பொருக்கால் சுருங்கியிருந்தது. வீட்டு வாட்டர் ஹீட்டரின் கம்பிச்சுருளில் படிவது போன்ற அந்தப் பொருக்கு நகத்தால் சுரண்டினால் பெயரவில்லை. தெர்மோஸ்டாட்டைத் தனியே எடுத்து வினிகரில் போட்டதும் நுரைத்துக் கரைந்தது. சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளுக்குள் இருப்பதை அப்படி எடுத்துப் போட முடியாது. அந்த எஞ்சினின் பின்பக்கத்துச் சிறு துளையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டுதான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீர் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. சிலிண்டரைச் சுற்றி வழி திறந்திருக்கிறதா என்பதற்குச் சாட்சி ஆகாது.

எனவே கடையில் நிற்கும்போது முதலில் எஞ்சினின் மேல்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயைப் பொருத்தும் கழுவு வாய் வெளியிலேயே இருக்கிறதா, ஒரு மூடியைத் திருகினாலே குழாய் பொருந்துமா, தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளுக்கு வேறு எதையும் கழற்றாமல் ஸ்பேனர் எட்டுமா என்று பாருங்கள். ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்று உள்ளே வைத்திருக்கும் துத்தநாக அல்லது அலுமினியக் கட்டை ஆகியவற்றையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். சுசுகி, யமஹா இரண்டின் 9.9 எஞ்சின்களிலும் கழுவு வாய் இருக்கிறது. எஞ்சினை ஓட்டாமலே குழாயைப் பொருத்திக் கழுவலாம் என்பது, படகில் பொருத்தியபடியே எஞ்சினை விட்டுவைப்பவர்களுக்குப் பெரிய உதவி. ஆனாலும் முடிந்தபோதெல்லாம், பழைய 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, காலை அதற்குள் இறக்கி, எஞ்சினை நியூட்ரலில் மெதுவாக ஓடவிடுவதையே நான் விரும்புகிறேன். எஞ்சின் சூடேறி தெர்மோஸ்டாட் திறந்த பிறகுதான் நல்ல தண்ணீர் எல்லா வழிகளிலும் முழு அளவில் ஓடுகிறது. பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும்.

வட சென்னைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் பகுதியின் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்திருப்பது பல ஆண்டுகளாகவே ஆய்வாளர்கள் அறிந்த செய்தி. ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது என்பது வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரால் எஞ்சினைக் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட நல்லது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மெட்ரோ தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு டிரம்மை எஞ்சினுக்கென்று பிடித்து வைத்துவிட வேண்டும். டிரம்மில் கழுவிய தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும் என்பதால் அதையே மறுநாளும் பயன்படுத்தக் கூடாது. தண்ணீருக்கு இவ்வளவு கஷ்டப்படும் பகுதியில் எஞ்சினுக்கு ஒரு டிரம்மா என்று கேட்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. குழாயை நேராகக் கழுவு வாயில் பொருத்தினால் அதைவிடக் குறைந்த தண்ணீரிலேயே வேலை முடியும் என்பதால்தான் அந்த வாய் எளிதில் எட்ட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

எண்ணூர் முகத்துவாரத்துக்குள்ளும் கொசஸ்தலை ஆற்றிலும் ஓட்டுபவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே தண்ணீரில் அனல்மின் நிலையச் சாம்பலும் சேறும் கலந்திருக்கின்றன. மெல்லிய சாம்பல் இம்பெல்லரின் ரப்பர் இதழ்களையும் அது சுழலும் கிண்ணத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல் தேய்த்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதில் படகுகளும் வலைகளும் பாழானதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கடலில் மட்டும் ஓடும் எஞ்சினுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இம்பெல்லர் மாற்றினால் போதும் என்றால், முகத்துவாரத்தில் தினமும் ஓடும் எஞ்சினுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை காலைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. பழவேற்காட்டு ஏரியின் ஆழமில்லாத சேற்றுப் பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

குதிரைத்திறனுக்கு வருவோம். எஞ்சின் மூடியில் 9.9 என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பவை ஒன்று அல்ல. யமஹா எஃப்9.9 எஞ்சினின் கொள்ளளவு 212 சிசி, சுசுகி டிஎஃப்9.9பி எஞ்சினின் கொள்ளளவு 327 சிசி. இரண்டும் இரண்டு சிலிண்டர்தான். சுசுகி தன் 15, 20 குதிரைத்திறன் எஞ்சின்களுக்குப் பயன்படுத்தும் அதே அடித்தளத்தையே 9.9க்கும் வைத்திருக்கிறது. யமஹா தன் முழுத் திறனை 5,000 முதல் 6,000 சுற்றுகளுக்குள் தருகிறது. சுசுகி 4,700 முதல் 5,700க்குள்ளாகவே தந்துவிடுகிறது. ஐஸ் பெட்டி, வலை, நான்கு ஆட்கள் என்று சுமையோடு அலையைத் தாண்டும் படகுக்குக் கீழ்ச் சுற்றுகளில் கிடைக்கும் இழுவிசைதான் வேண்டும் என்பதால், பெரிய சிசிக்கே என் ஓட்டு. எடையில் யமஹாவுக்கு அனுகூலம்: அது ஏறத்தாழ 40 கிலோ, சுசுகி 44 கிலோவிலிருந்து தொடங்குகிறது. தினமும் எஞ்சினைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு அந்த நான்கு கிலோ சின்ன விஷயம் இல்லை.

15 அல்லது 25 எடுத்தால் வேகமாகப் போகலாமே என்று கேட்கிறார்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வகைப் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லையை வைக்கிறது. நீரில் படியும் நீளம் 24 அடி என்றால் அந்த எல்லை ஏறத்தாழ ஆறரை நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு எழும்பித் தண்ணீரின் மேல் சறுக்க வேண்டும். நம் மீன்பிடி ஃபைபர் படகுகள் சுமையோடு அப்படி எழும்பும் வடிவில் கட்டப்பட்டவை அல்ல. ஆகவே பெரிய எஞ்சினுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் பின்னால் எழும் அலையாகத்தான் போகும். தூண்டில் போட்டு விளையாட்டாக மீன் பிடிக்கவும், ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டவும் வைத்திருக்கும் தட்டையான அடிப்பகுதி கொண்ட இலேசான 16 அடிப் படகுகளின் கணக்கு வேறு. அவற்றுக்கு 25 அல்லது 40 பொருந்தும். கனமான படகுக்காகவே யமஹா டி9.9 என்று ஓர் உயர் இழுவிசை வகையைச் செய்கிறது. சாதாரண 9.9இன் கியர் விகிதம் 2.08 என்றால் அதில் 2.92, பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றும். விற்பனையாளர் வரவழைத்துத் தருவார் என்றால், வலைப் படகுக்கு அதைவிடப் பொருத்தமான 9.9 வேறொன்றை நான் பார்க்கவில்லை.

கார்புரேட்டரா, எரிபொருளைப் பீய்ச்சும் இஎஃப்ஐயா என்பதில்தான் நம் கரையின் கவலையெல்லாம் வந்து சேர்கிறது. 212 சிசி யமஹா கார்புரேட்டர் எஞ்சின். 327 சிசி சுசுகி இஎஃப்ஐ. சுசுகியின் இஎஃப்ஐக்கு பேட்டரி தேவையில்லை. கயிற்றை இழுக்கும்போது உண்டாகும் மின்சாரத்திலேயே பம்பும் கணினியும் விழித்துக்கொள்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு ஈரக்காற்றில், சோக் இழுத்து வைத்துக்கொண்டு திண்டாடாமல், ஓரிரு இழுப்பில் கிளம்புவது உண்மையிலேயே பெரிய நிம்மதி. கார்புரேட்டருக்கும் ஒரு பலம் உண்டு. காசிமேட்டில் எந்த மெக்கானிக்கும் அதைக் கழற்றி, ஜெட்டை ஊதி, அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவார். இஎஃப்ஐயில் சென்சார் கோளாறு என்றால், கணினியைப் பொருத்திக் குறை கண்டுபிடிக்கும் கருவி உள்ளவரிடம்தான் போக வேண்டும். அந்தக் கருவியோடு ஆள் உங்கள் குப்பத்துக்கே வருவாரா, அல்லது எஞ்சினை நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வருவார் என்றால் இஎஃப்ஐ எடுங்கள். வரமாட்டார் என்றால், சிசி குறைவாக இருந்தாலும், யமஹாவின் கார்புரேட்டர் எஞ்சினே உங்களுக்கு நல்லது.

இதோடு இப்போது பெட்ரோலும் மாறியிருக்கிறது. 2025 முதல் நம் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். யமஹா, சுசுகி, மெர்குரி ஆகிய நிறுவனங்களின் அவுட்போர்டு கையேடுகள் பொதுவாக 10 விழுக்காடு எத்தனாலையே எல்லையாகச் சொல்லி வந்திருக்கின்றன. கடல் காற்றில் இது சிறிய விஷயம் அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்க்கில் வாரக்கணக்கில் பெட்ரோல் கிடந்தால், ஓர் அளவுக்கு மேல் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாய் அந்த அடியில்தான் இருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் சின்னத் துளைகளையும் அது கெடுக்கும். இந்தியாவில் விற்கும் இந்த மாதிரிக்கு இ20 ஏற்புடையதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல் போதாது. டேங்க்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றை வைப்பது எந்த எஞ்சினுக்கும் கட்டாயம் என்றே சொல்வேன். அடிக்குவளை கண்ணாடி போல் தெரியும் வகையாக இருந்தால், தண்ணீர் தங்கியிருப்பது கிளம்பும் முன்பே கண்ணில் பட்டுவிடும். புயல் எச்சரிக்கையால் சில வாரம் கடலுக்குப் போக முடியாது என்று தெரிந்தால், கார்புரேட்டர் எஞ்சினில் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைக்க வேண்டும்.

செலவுக் கணக்கில் இன்னொன்றும் சேர வேண்டும். மீனவர்களின் டீசலுக்கு மாநில அரசு விற்பனை வரி விலக்குத் தருகிறது; பெட்ரோல் எஞ்சின் எடுப்பவர் பங்க் விலையையே கொடுக்க வேண்டியிருக்கிறது. தினமும் தூரக் கடலுக்குப் போய் நாள் முழுக்க எஞ்சினை ஓட்டுகிறவர்கள் டீசலை விட்டு வருவதற்கு முன் ஒரு மாதத்து லிட்டர் கணக்கை எழுதிப் பார்ப்பது நல்லது. கரையோரத்தில் குறைந்த நேரம் ஓட்டி, நண்டு வலையும் தூண்டிலும் போடுகிறவர்களுக்கு நான்கு ஸ்ட்ரோக்கின் சிக்கனம் அந்த வித்தியாசத்தைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

தண்டின் நீளத்தைக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். குட்டைத் தண்டு 15 அங்குலம், நீளத் தண்டு 20 அங்குலம். படகின் பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து அடிப்பகுதி வரை டேப்பால் அளந்து, அந்த அளவை எழுதிக்கொண்டு போங்கள். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். திருவொற்றியூர்ப் பக்கம் ஒருவருக்கு, இருப்பில் அதுதான் இருந்தது என்பதற்காகக் குட்டைத் தண்டு எஞ்சினை ஒரு கடையில் தள்ளிவிட்டார்கள். அலையின் முகட்டில் படகின் பின்பகுதி தூக்கும்போதெல்லாம் புரொப்பெல்லர் காற்றை அடித்து, எஞ்சின் அலறி, படகு நகராமல் நின்றது. கரைக்கு வரும்போது கடைசி அலையில் இப்படி நடந்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். உயிரோடு விளையாடும் விற்பனை அது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீட்டிய தூண்டில் வளைவுகளுக்கு நடுவே உள்ள குறுகிய மணல் துண்டுகளில்தான் படகை ஏற்றுகிறோம். எஞ்சினை ஒரே கையால் சட்டென்று தூக்கிவிட்டால் அது மேலேயே பூட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கடையிலேயே பல முறை தூக்கி இறக்கிப் பாருங்கள். புரொப்பெல்லர் அலுமினியமாகவே இருக்கட்டும். கல்லில் பட்டால் அலுமினிய இதழ் வளையும் அல்லது உடையும், அந்த அடி உள்ளே இருக்கும் கியருக்குப் போவது குறையும். ஸ்டீல் புரொப்பெல்லர் வளைந்து கொடுக்காமல் அடியைக் கியர் வரை கொண்டுபோகும்.

நான்கு ஸ்ட்ரோக்கில் எண்ணெய்த் தொட்டி இருப்பதால், இரண்டு ஸ்ட்ரோக்கைப் போட்டது போல எப்படி வேண்டுமானாலும் படுக்கவைக்க முடியாது. மீன்பாடி வண்டியில் ஏற்றும்போது எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று கையேட்டில் படம் போட்டிருக்கும்; சில எஞ்சின்களில் மூடியிலேயே குறியிருக்கும். தவறான பக்கம் படுக்கவைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். மறுநாள் கயிறு இழுபடாது. நீர் முழுவதும் வடியும்வரை எஞ்சினை நிமிர்த்தி வைத்திருந்து, அதன் பிறகே படுக்கவைக்க வேண்டும்.

எஞ்சின் ஆயில் விஷயத்தில் கார் ஆயில் போதும் என்று நினைப்பவர்கள் பலர். ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் துருவைத் தடுக்கும் சேர்மானங்களோடு வருவது எஃப்சி-டபிள்யூ முத்திரை பெற்ற கடல் எஞ்சின் ஆயில். 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 கேட்டு வாங்க வேண்டும். சிறிய எஞ்சினுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் பிடிக்கும் என்பதால் இதில் மிச்சம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒரு முறையும், அதன் பின் 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டும். வலையோடு மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டும்போது எஞ்சின் போதிய சூடேறாமல் பெட்ரோல் எண்ணெயில் கசிந்து கலப்பதுண்டு. ஆயில் அளவுகோலில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால், முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் உடனே மாற்றிவிடுங்கள். “உப்புத் தண்ணில ஓடுற எஞ்சினுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு தம்பி, கழட்டிப் போட்டுடு” என்று அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன்களே சொல்கிறார்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் அது ஓரளவு ஓடியிருக்கலாம். நான்கு ஸ்ட்ரோக்கில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும், பெட்ரோல் எண்ணெயில் கலப்பது இன்னும் அதிகமாகும். அடைபட்டால் சுத்தம் செய்யுங்கள், கெட்டால் புதிது போடுங்கள். அந்த இடத்தைக் காலியாக மட்டும் விடாதீர்கள்.

காலில் இருக்கும் கியர் ஆயிலை நம் கரையில் கெடுப்பது பெரும்பாலும் தங்கூசி நரம்பு என்ற நைலான் இழைதான். கடலில் மிதக்கும் அறுந்த வலைத் துண்டு புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல உள்ளே போய், ரப்பர் சீலை அறுத்துவிடும். மாதம் ஒரு முறையாவது புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தினால் முதலில் வரும் சொட்டு எண்ணெயாக இருக்க வேண்டும். தண்ணீராகவோ, பால் கலந்த டீயின் நிறத்திலோ வந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்றி, மேல் துளையில் வழியும்போது நிறுத்த வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

அரிப்பைத் தடுக்கும் ஆனோடு கட்டைகளைப் பற்றிச் சுருக்கமாக: கடலுக்கும் முகத்துவாரத்துக்கும் அலுமினியக் கட்டை பொருந்தும், கடலுக்கு மட்டும் என்றால் துத்தநாகமும் ஆகும், நல்ல தண்ணீருக்கான மெக்னீசியத்தைக் கடலில் போடக் கூடாது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது. மண்ணடியிலும் பாரிமுனையிலும் ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கும்போது 316 என்ற தரத்தைக் கேளுங்கள். 304 தரம் கடல் காற்றில் பழுப்பேறும். தாமிரம் கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட் எஞ்சினின் அலுமினியத்தைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மெர்குரி, டொஹட்சு, ஹோண்டா எஞ்சின்களையும் தரத்தில் குறைத்துச் சொல்ல எனக்குக் காரணமில்லை. மெர்குரியின் சிறிய நான்கு ஸ்ட்ரோக்குகளை நெடுங்காலமாக டொஹட்சுவே செய்து கொடுத்து வந்திருக்கிறது என்பதால் அவற்றின் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் இம்பெல்லர், தெர்மோஸ்டாட், கால் சீல், ஸ்டார்ட்டர் கயிறு, ஆயில் ஃபில்டர் ஆகிய ஐந்தும் இன்று, இந்தக் கடையில், கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஆர்டர் போட்டால் வரும் என்று பதில் வந்தால், எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும், அந்த நாட்களெல்லாம் படகு கரையில்தான் நிற்கும். யமஹாவுக்கும் சுசுகிக்கும் நான் முன்னுரிமை கொடுப்பது இதற்காகத்தான்.

உத்தரவாத அட்டையில் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு ஒரு காலமும் தொழில் பயன்பாட்டுக்கு அதைவிடக் குறைந்த காலமும் இருப்பது வழக்கம். மீன்பிடிப் படகுக்குப் பொருந்துவது எது என்று அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். நாட்டுப் படகுகளுக்கு எஞ்சின் பொருத்த மீன்வளத் துறை 40 விழுக்காடு மானியத் திட்டம் ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. அதை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள், துறை அலுவலகத்தில் திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறதா, நீங்கள் நினைத்திருக்கும் மாதிரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேட்டு, விண்ணப்பம் கொடுத்த பிறகே கடைக்குப் போக வேண்டும். ரசீது படகின் பதிவில் உள்ள பெயரிலேயே இருக்க வேண்டும். எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், பின்பலகையில் மாட்டும் பிராக்கெட்டில் பொறித்திருக்கும் வரிசை எண்ணையும் ரசீதில் இருக்கும் எண்ணையும் ஒரு எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.